பங்காளின்னா யாரு?

(தலைப்பு: ‘ஒரு கூட்டு நிலைத்து நிற்கப் பெரிதும் காரணம் தனித்திறமையா? சமபங்கா?’ ‘சமபங்கே’ என்னும் அணியில் பேசியது)

அன்பார்ந்த நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் திறமைசாலிகளே! என் அணியின் பங்காளிகளே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால பேசின அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. “உழைச்சவனுக்கும் ஒரு பங்கு, உட்கார்ந்திருந்தவனுக்கும் ஒரு பங்குன்னா, நாளைக்கு எவன் உழைப்பான்?” அருமையான கேள்வி. நானே கைதட்டிட்டேன். தட்டின பிறகுதான் நான் இந்த அணின்னு ஞாபகம் வந்துச்சு. (சிரிப்பு)

அதுக்குப் பதிலை என் மகன் சொன்னான். அவன் ராக் இசைப் பிரியன். “என்னடா இரைச்சல்”னு சத்தம் போடப் போனேன். “அப்பா, இந்தக் குழுவோட கதையைக் கேளுங்க, உங்க பட்டிமன்றத்துக்கு ஆகும்”னான். காரியம் ஆகணும்னா இரைச்சல் கூட இசைதானே! உட்கார்ந்து கேட்டேன்.

அமெரிக்காவில ஜார்ஜியா மாநிலத்தில ஏதென்ஸ்னு ஒரு ஊர். 1980-ல நாலு இளைஞர்கள் ஒரு குழு ஆரம்பிச்சாங்க. பேரு ஆர்.இ.எம். பாடறவர் மைக்கேல் ஸ்டைப், கிதார் பீட்டர் பக், பேஸ் கிதார் மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெர்ரி. பாட்டு யார் கற்பனையில பிறந்தாலும் சரி, இசைத்தட்டில நாலு பேர் பெயரும் வரும். வருமானம் நாலு பங்கு. நாலு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னாலும் அந்தக் காரியம் நடக்காது. பெயர் போடற வரிசையைப் பாருங்க: பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப். ஆங்கில அகரவரிசை! உலகமே யார் முகத்தைப் பார்த்துக் கைதட்டுதோ, அந்தப் பாடகர் பெயர் கடைசி. பின்னால உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிறவர் பெயர் முதல்! (கைதட்டல்)

இன்னொரு பக்கமும் பார்ப்போம். இங்கிலாந்தில குயீன்னு ஒரு குழு. அங்கே யார் எழுதினாரோ அவருக்கே பெயர், அவருக்கே பணம். 1975-ல ஃப்ரெடி மெர்க்குரி எழுதின ‘போஹீமியன் ராப்சடி’ சக்கைப்போடு போட்டுது. அந்தத் தட்டோட மறுபக்கத்தில டிரம்ஸ் வாசிக்கிற ரோஜர் டெய்லர் எழுதின கார் பாட்டு. ஜனங்க வாங்கினது முன்பக்கத்துக்காக. ஆனா எழுதினவர் பணம் ரெண்டு பக்கத்துக்கும் சமம். அப்புறம் மனஸ்தாபம் வராம இருக்குமா? எந்தப் பாட்டு நல்ல பாட்டுங்கிற கேள்வி போய், யார் பாட்டுங்கிற கேள்வி வந்துடுச்சு. கடைசியில 1989-ல அவங்களே ஒரு முடிவு எடுத்தாங்க. இனி எல்லாப் பாட்டும் ‘குயீன்’ங்கிற ஒரே பெயர்ல! திறமைக்குப் பஞ்சமில்லாத குழு, நடுவர் அவர்களே. அவங்களே பட்டறிஞ்சு எங்க அணிக்கு வந்துட்டாங்க! (பலத்த கைதட்டல்)

அம்மையார் கேள்விக்கு வர்றேன். சமபங்குன்னா சோம்பேறித்தனம் வருமா? 1992-ல ஆர்.இ.எம். வெளியிட்ட ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ங்கிற பாட்டு உலகப் புகழ் பெற்றது. அதுக்குப் பெரும்பகுதி வித்திட்டவர் டிரம்ஸ் வாசிக்கிற பில் பெர்ரி. கால் பங்குதானே கிடைக்கும்னு அவர் அந்தப் பாட்டைப் பெட்டியில பூட்டி வைக்கலே. மத்தவங்களும் ‘அவன் பாட்டுதானே’ன்னு அரைமனசா வாசிக்கலே. சமபங்கு உழைப்பைக் கெடுக்கலேம்மா, பொறாமையைத்தான் கெடுத்துச்சு!

1995 மார்ச் 1. சுவிட்சர்லாந்து நாட்டில லொசான் நகரம். மேடையிலேயே பெர்ரிக்கு மூளையில ரத்தக்குழாய் பாதிப்பு. அறுவை சிகிச்சை நடந்து பிழைச்சார். சுற்றுப்பயணம் அவருக்காக நின்னுது. அவர் தேறி வந்த பிறகுதான் தொடர்ந்தது. 1997-ல அவரே விலக நினைச்சார். அப்ப என்ன சொன்னார் தெரியுமா? “நான் போறதால குழு கலையும்னா, நான் போகலே”ங்கிற பொருள்படச் சொன்னார். பிரியற நேரத்தில, பாகம் பிரிக்கச் சொல்லலே. குடும்பம் நிலைக்கணும்னு நினைச்சார். மீதி மூணு பேரும் 2011 வரைக்கும் நடத்தி, சண்டையில்லாம முடிச்சுக்கிட்டாங்க. மொத்தம் 31 வருஷம்! 2024-ல நியூயார்க்கில பாடலாசிரியர்களுக்கான ஒரு கௌரவ விழா. நாலு பேரும் மறுபடி ஒரே மேடையில நின்னு வாசிச்சாங்க. இங்கே எத்தனை வீட்டில, பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி ஒரே பந்தியில உட்கார்றாங்க? (அமைதி)

நடுவர் அவர்களே, ஊரைச் சொல்வானேன், என்னையே சொல்றேன். நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினோம். பாதி அவர், பாதி நான். அட்டையில யார் பெயர் முதல்ல? முனைவர் பட்டம் வாங்கினவன் நான், அதனால என் பெயர்தான் முதல்லன்னு அடம் பிடிச்சேன். ஜெயிச்சேன். என் பெயர் முதல்ல வந்துச்சு. அதோட அவர் என்கிட்ட பேசறதை நிறுத்திட்டார். ரெண்டாவது புத்தகம் வரவே இல்லே. அவர் அகரவரிசையில எனக்கு முன்னால வர்றவர். நாலு வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு இருந்த புத்தி, தமிழ் அகராதியைப் புரட்டிப் புரட்டித் தேய்ச்ச எனக்கு இல்லாம போச்சு.

பங்கு உடையவன்தான் பங்காளி. அந்த நல்ல வார்த்தையைச் சண்டைக்காரன்னு ஆக்கினது நாமதான். திறமை வேண்டாம்னு நான் சொல்லலே. திறமை ஒரு பாட்டைப் பிறக்க வைக்கும். பங்குதான் பாடினவங்களை 31 வருஷம் சேர்த்து வைக்கும்.

நடுவர் மணியில கை வைக்கிறார். என் அணியில அடுத்தவருக்கும் நேரத்தில சமபங்கு உண்டு. (சிரிப்பு) நாளைக்கு அந்த நண்பருக்கு நான் போன் செய்யப் போறேன். “ரெண்டாவது புத்தகம் எழுதலாமா? உங்க பெயர்தான் முதல்ல”ன்னு சொல்லப் போறேன். நீங்க தீர்ப்பை எங்க பக்கம் சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி.

(நீண்ட கைதட்டல்)