கடவுள் இருந்தால் இந்த வலி ஏன்?

(ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



விசுவாசத்துக்கும் அறிவுக்கும் உள்ள உறவைக் குறித்துப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். வாதம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. சமணரும் பௌத்தரும் சைவரும் வைணவரும் தர்க்கித்த ஊர் இது. மணிமேகலைக் காப்பியத்தின் முடிவில் மணிமேகலை இந்த ஊரில்தான் அறவண அடிகளிடம் தர்க்க முறைகளைக் கேட்கிறாள். ஆனால் அதற்கு முன்னே, பஞ்சத்தில் வாடின காஞ்சி மக்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறு இடுகிறாள். பசியாற்றின பிறகுதான் தர்க்கம். அது பௌத்தக் காப்பியந்தான். இருந்தாலும் மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய வரிசை.

வார்டில் யாரும் என்னிடம் திரித்துவத்தைப் பற்றிக் கேட்டதில்லை. உலகம் எத்தனை நாளில் உண்டாயிற்று என்றும் கேட்பதில்லை. பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர், புற்றுநோயால் துடித்துக்கொண்டிருந்த மகளின் கட்டிலருகே நின்று கேட்டது இதுதான்: “நான் என்ன பாவம் செஞ்சேன், ஐயா? நானே செஞ்சிருந்தாலும் இந்தக் குழந்தை என்ன செஞ்சுது?” இறையியல் கல்லூரியில் இந்தக் கேள்விக்கு ஒரு நீளமான கிரேக்கப் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைக்கு அது போதுமானதாயிருந்தது.

இது இந்து சகோதரர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் முன்வினை என்பதை நம்மவர்கள் அறிக்கையிடாத பாவம் என்றும், விசுவாசக் குறைவு என்றும் சொல்லுகிறார்கள். சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போய், வலி குறையாமல், மேற்கொண்டு ஒரு குற்ற உணர்ச்சியையும் சுமந்துகொண்டு திரும்பிய விசுவாசிகள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். இதைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. பிறவிக்குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனுடைய பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கணக்கையே ஏற்றுக்கொள்ளவில்லை (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார் (லூக்கா 13).

நமது பிரசங்கங்களில் அடிக்கடி வரும் இன்னொரு பதிலும் உண்டு. நாம் பார்ப்பது பட்டுச்சேலையின் பின்பக்கத்துச் சிக்கல், தேவன் பார்ப்பது முன்பக்கத்து அழகு என்பார்கள். காஞ்சிபுரத்தில் இதைச் சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார். அறுந்த நுனியைத் தேடியெடுத்து முடிந்த பிறகுதான் அடுத்த ஊடையை ஓட்டுகிறார். அறுந்த இழையும் டிசைனில் சேர்ந்ததுதான் என்று அவரிடம் சொல்லிப்பாருங்கள்!

அப்படியானால் அறிவு நம்மை எதுவரை அழைத்துப்போகும்? முதலில் செங்கல்பட்டு வரைக்கும் போவோம். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு, செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் பொறுப்பிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். (திருமணியில் இன்று மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமாயிருப்பது அதுவே.) அங்கே மடங்கிப்போன விரல்களையுடைய ஒரு நோயாளியின் கையைப் பற்றினபோது, அந்தப் பிடியின் பலம் அவரைத் திடுக்கிடச் செய்தது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த கைக்குள்ளே நல்ல தசை இருந்தது.

தொழுநோயில் சதை தானாகவே அழுகி விழுகிறது என்பது அக்காலத்து எண்ணம். பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் கண்டது வேறு. நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது; நரம்பு கெட்டால் வலி தெரியாது; வலி தெரியாதவன் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்குகிறான், ஆணி குத்தின காலோடு நடக்கிறான். துருப்பிடித்த பூட்டொன்றை டாக்டரால் திறக்க முடியாமற்போக, நோயாளியான ஒரு சிறுவன் சுலபமாய்த் திறந்தான். அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்குத் தெரியவேயில்லை. தூங்குகிறவர்களின் விரல்களை இரவில் எலி கடித்துப்போனதும் தெரியவந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

பின்னர் அமெரிக்காவிலே பிராண்டின் குழுவினர், உணர்விழந்த கைகளுக்குச் செயற்கை வலியை உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார்கள். காதில் ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை முடிய வேண்டியிருந்தால் நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நாம் நினைத்தபோது அணைக்கக்கூடிய வலி நம்மைக் காப்பாற்றாது போலும்! நமது வார்டிலும் இதைக் காணலாம். சர்க்கரை வியாதியுள்ள நெசவாளி தறிக்குழியில் காலை வைத்து நாள் முழுவதும் மிதிக்கிறார். பாதத்தில் புண் வந்து சீழ் வைத்த பிறகே, அதுவும் வீட்டார் வாடையை உணர்ந்துதான், இங்கே வருகிறார். வலியை உடலில் வைத்தவர் கொடியவர் என்று சொல்லுமுன், வலியில்லாத பாதம் எப்படியிருக்கும் என்று பார்ப்பது நல்லது.

ஆனால் இந்த நியாயத்தை அந்தத் தகப்பனிடம் சொல்ல முடியுமா? அவருடைய மகளின் வலி எதைப் பற்றியும் எச்சரிக்கவில்லை. எச்சரிக்கை கேட்டாயிற்று, வைத்தியமும் செய்தாயிற்று. மணி மாத்திரம் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பிராண்ட் கண்டுபிடித்த உண்மை அந்தக் கட்டிலருகே வந்து நின்றுவிடுகிறது. அதற்குமேல் தெரிந்ததுபோல் பேசுவது பொய்ச்சாட்சி.

இது பேரறிஞர் அண்ணா பிறந்த ஊர். அவர் 1969-இல் புற்றுநோயால் மறைந்தார். காரப்பேட்டையிலுள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பகுத்தறிவாளரான நண்பர்கள், இதைப் பார்த்தபின்னுமா கடவுள் என்கிறீர்கள் என்று என்னைக் கேட்பதுண்டு. அதைக் கிண்டலாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குழந்தைமேல் உள்ள அன்பினால் வந்த கோபம் அது. ஆனால் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கச் சொல்லுவேன். இது நியாயமல்ல என்று சொல்லுகிறோமே, எந்த அளவுகோலால்? உலகம் வெறும் அணுக்களின் ஓட்டமானால், ஒரு பிள்ளை துடிப்பதும் ஓர் இலை உதிர்வதும் ஒன்றுதான். இரண்டிலும் அநியாயம் இல்லை. சேலை முழுதாக இருக்க வேண்டியது என்று தெரிந்தவனுக்கே அறுந்த இழை கண்ணை உறுத்தும். நமது ஆத்திரமே, இப்படி இருக்கக்கூடாது என்று விரும்புகிற ஒருவருக்குச் சாட்சியாயிருக்கிறது என்பது என் எண்ணம். இது நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. அவநம்பிக்கையைவிட இது எனக்கு அறிவுக்குப் பொருத்தமாய்த் தெரிகிறது.

இயேசுவானவர் வலிக்கு விளக்கம் எழுதி வைத்துப்போகவில்லை. சிலுவையிலே அவரும் ஏன் என்றுதான் கேட்டார். வானத்திலிருந்து பதில் வந்ததாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்தபோதும் காயங்கள் மறையாத கைகளையே தோமாவுக்குக் காட்டினார். அந்த நெசவாளியின் அருகில் எனக்குச் சொல்ல முடிந்தது இவ்வளவே: “உங்க பொண்ணு செஞ்ச பாவமும் இல்ல, நீங்க செஞ்ச பாவமும் இல்லங்க. எங்க சாமியும் இப்படித்தான் துடிச்சார்.” அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மாத்திரம் விடவில்லை.

வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை ஆண்டவர் சிலுவையண்டையில் வாங்கவில்லை. அது அவருடைய தீர்மானம். அதைக் காட்டி மற்றவனுக்கு வலிமருந்தை மறுக்க நமக்கு உரிமையில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் நம் தேசத்தில் மார்பின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி ஓரளவு இலகுவாயிற்று. அந்தப் பிள்ளை கடைசி நாட்களில் வலியில்லாமல் தூங்கியது அந்த மருந்தினால். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி இதற்கும் போகிறது.

மற்றொரு பகுதி பாதங்களுக்கு. வெளிநோயாளிகள் பிரிவுக்கு ஒருநாள் வந்து பாருங்கள். எங்கள் நர்ஸ் அம்மாள் நோயாளியைக் கண்ணை மூடச்சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலை ஒவ்வோர் இடமாகத் தொட்டு, “தெரியுதா? தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே போவார்கள். தெரியவில்லை என்கிறவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்து, தினமும் ராத்திரியில் விளக்கடியில் உள்ளங்காலைப் பார்க்கும்படி சொல்லியனுப்புகிறோம்.