மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி

(சங்கத்தின் மாலை வகுப்பு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)

 

மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பது எவ்வாறு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு என்னும் பெரும் பொருள்கள் இருக்கக் கட்டுரை என்னும் சிறு பொருள் எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வுரிமைகள் அனைத்தையும் கேட்டுப் பெறுவதற்கு வாயிலாக இருப்பது எழுத்தே ஆகும். மேலும், பொதுத்தேர்வில் விடைத்தாளைத் திருத்துகின்றவர்க்கு மாணவனின் பெயர் தெரியாது; அவன் குடியிருக்கும் தெருவும் தெரியாது. அவர் முன்னே இருப்பது எழுத்து ஒன்றுதான். பிறப்பைக் கேளாமல் நம் பிள்ளையை எடைபோடும் இடங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே. அத்தகைய ஓரிடத்தில் அவன் வெறுங்கையுடன் நிற்கலாமா?

இன்று நம் பிள்ளைகள் கட்டுரை எழுதும் முறையைச் சற்றே நோக்குவோம். கடையில் விற்கும் குறிப்பு நூலிலிருந்து ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்கின்றனர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனத் தலைப்பிட்டு, தொடக்கத்தில் ஒரு குறளும் இறுதியில் ஒரு பாட்டும் சேர்த்து எழுதிவிடுகின்றனர். தேர்வில் தலைப்புச் சற்றே மாறிவிட்டால் கைகட்டி அமர்ந்துவிடுகின்றனர். பிள்ளைக்கு அறிவு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. முன்னுரை என்னும் சொல்லைக் கற்பித்தோமேயன்றி, அங்கே செய்யவேண்டிய வேலையை நாம் கற்பிக்கவில்லை.

கட்டுரை என்பது கட்டப்பட்ட உரை. வீடு கட்டுகின்றவர் செங்கல் வந்தவுடன் சுவர் எழுப்புவதில்லை. மனையை அளந்து, கயிறு பிடித்து, கடைக்கால் தோண்டிய பின்னரே முதற்கல்லை வைக்கிறார். கட்டட வேலையில் நம் மக்கள் கண்டும் செய்தும் பழகிய இம்முறையையே எழுத்திலும் கைக்கொள்ளுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், உடனே விளங்கிக்கொள்வர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன். 'எங்கள் ஊரின் குடிநீர்' என்பது தலைப்பு என்று கொள்வோம். முதலில் மாணவி தலைப்பை இருமுறை படிக்கட்டும். விளக்குக, ஒப்பிடுக, ஆராய்க என்னும் சொற்கள் வெவ்வேறு வேலையைக் கேட்பவை என்பதை அவள் அறியவேண்டும். அடுத்து, தனக்குத் தெரிந்தவற்றை ஒழுங்கு பாராமல் ஒரு தாளில் குறிக்கட்டும். தெருவில் எத்தனை வீடுகள், எத்தனை குழாய்கள், தண்ணீர் வரும் நேரம், குடம் சுமப்பவர் யார், அதனால் அவள் பள்ளிக்குப் பிந்தும் நாள்கள் எத்தனை என்பனவெல்லாம் அக்குறிப்பில் இடம்பெறும். மூன்றாவதாக, இவற்றை எல்லாம் நோக்கி, தான் நிலைநாட்டப் போகும் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். 'எங்கள் தெருவின் தண்ணீர்க் குறை பெண்பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது' என்பது அவ்வாக்கியமாகலாம். அக்கருத்துக்குத் துணைசெய்யாத குறிப்பு எவ்வளவு அழகாயினும் நீக்கப்படவேண்டும்.

அதன்பின் பத்திகளை வகுக்கலாம். ஒரு பத்திக்கு ஒரு கருத்து என்பதே விதி. பத்தியின் முதல் வாக்கியம் அக்கருத்தைச் சொல்லவேண்டும். ஏனைய வாக்கியங்கள் சான்று காட்டவேண்டும். முதற்பத்தியில் இன்றைய நிலை, இரண்டாவதில் அதன் காரணம், மூன்றாவதில் விளைவு, நான்காவதில் தீர்வு என அமைந்தால் படிப்பவர் தடுமாறமாட்டார். முன்னுரையை இறுதியில் எழுதினாலும் குற்றமில்லை. செல்லும் ஊர் தெரிந்த பிறகுதானே வழி சொல்ல இயலும்?

இம்முறைக்குச் சிறந்த சான்றாக அண்ணல் அம்பேத்கர் எழுதிய கட்டுரை ஒன்று உள்ளது. 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் அகவையில், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றி அவர் கட்டுரை படித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வர் சாதிக்குத் தந்த வரையறைகளை முதலில் எடுத்து ஆராய்கிறார். பிறகு, சாதியின் உயிர்நிலை அகமணமே என்னும் தம் கருத்தை நிறுவுகிறார். அவ்வகமணத்தைக் காக்க உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தைமணம் ஆகியவை எவ்வாறு பயன்பட்டன என்று விளக்குகிறார். ஒரு வகுப்பு தன்னை அடைத்துக்கொள்ள, மற்றவை அதைப் பார்த்து எவ்வாறு பின்பற்றின என அடுத்துக் காட்டுகிறார். இறுதியில், தம் கொள்கை தவறென மெய்ப்பிக்கப்பட்டால் அதைக் கைவிட அணியமாக இருப்பதாகவும் கூறி முடிக்கிறார். சாதியால் புண்பட்ட ஒருவர் சாதியைப் பற்றி எழுதிய கட்டுரை அது. ஆயினும் சினம் ஒழுங்கைக் குலைக்கவில்லை; ஒழுங்கே சினத்திற்கு வலிமை தந்தது.

மாற்றுக் கருத்தை எதிர்கொள்ளும் முறைக்கும் அவரிடமே பாடம் உண்டு. 1936இல் லாகூரில் சாதி ஒழிப்பு மாநாடு ஒன்றுக்குத் தலைமை தாங்குமாறு அவரை அழைத்தவர்கள், உரையின் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் இசையவில்லை, மாநாடு நடைபெறவில்லை. உரையைத் தம் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். 'சாதியை அழித்தொழித்தல்' எனத் தமிழில் வழங்கும் அந்நூலில், சாதி தொழிற்பிரிவினையே என்று வாதிடுவோரின் கூற்றைத் தாமே எடுத்துரைத்து மறுக்கிறார். இனத்தூய்மை வாதத்தையும் அவ்வாறே மறுக்கிறார். தீர்வைப் பேசும்போதும் சமபந்தி போதுமா, கலப்புமணம் போதுமா எனப் படிப்படியாகச் சென்று, சாத்திரங்களின் புனிதத்தில் உள்ள நம்பிக்கை அகலவேண்டும் என்னும் முடிவை அடைகிறார். எதிராளியின் வலிமையான வாதத்தை மறைப்பவனை எவரும் நம்பமாட்டார்கள் என்பதை நம் மாணவர் இதிலிருந்து கற்கவேண்டும்.

எழுதி முடித்தபின் திருத்துதல் வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்துள்ளார். அவற்றுள் நான்கினை மட்டும் வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்: கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். சொன்னதையே சொல்கிறேனா, முன்னுக்குப் பின் முரண்படுகிறேனா, தலைப்பை விட்டு விலகுகிறேனா, தொடக்கத்தில் இருந்த வலிமை இறுதியில் குன்றுகிறதா என்று பிள்ளை தன்னையே வினவட்டும். முக்கால் மணி நேரம் கிடைக்குமாயின், பத்து மணித்துளி திட்டமிடவும், முப்பது மணித்துளி எழுதவும், ஐந்து மணித்துளி திருத்தவும் பழக்குங்கள்.

ஆசிரியப் பணி புரியும் இளைஞர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று: தாள் முழுவதும் சிவப்பு மையால் நிரப்பாதீர்கள். முதல் முறை கருத்தொழுங்கை மட்டும் திருத்துங்கள். எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் அடுத்த முறை நோக்கலாம். இருபது பிழைகளை ஒருசேரக் காணும் பிள்ளை, தனக்கு எழுத வராது என்றே முடிவு செய்துவிடும். மற்றொன்று: பிள்ளையின் வீட்டுப் பேச்சை எள்ளி நகையாடாதீர்கள். வீட்டில் பேசும் தமிழில் முதலில் சொல்லச் செய்து, பிறகு அதனை எழுத்துத் தமிழில் அமைக்கக் காட்டுங்கள். தாயின் பேச்சுக்கு நாணக் கற்ற பிள்ளை தன் அறிவுக்கும் நாணக் கற்றுக்கொள்ளும். பின்னர் அது தண்ணீர்க் குடத்தைப் பற்றி எழுதாது. தான் காணாத கோடை வாழிடத்தைப் பற்றியே எழுதும்.

எழுத்து நமக்குப் புதிதாக வந்த பொருள் அன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நிறுவினார். பொதுச்சாலைகளிலும் பொதுக்கிணறுகளிலும் நம் மக்களுக்குள்ள உரிமைக்காக 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் இரட்டைமலை சீனிவாசனே. கேட்கவேண்டியதை அளந்து, அடுக்கி, மறுக்கவியலாதபடி வைத்தனர், வழி பிறந்தது.

ஆகவே, இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒரு சிறு பணியை மேற்கொள்வோம். கல்லூரியில் பயிலும் ஒவ்வோர் இளைஞரும் பள்ளியில் பயிலும் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்று, வாரம் ஒரு கட்டுரை எழுதச் செய்து, உடனமர்ந்து படிக்கவேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு நோட்டும் ஒரு மணி நேரமும் போதும். ஓராண்டின் இறுதியில் அப்பிள்ளை தன் தெருவுக்குக் குழாய் கேட்டுத் தானே விண்ணப்பம் எழுதுமாயின், நம் பயிற்சி தேர்ச்சி பெற்றது என்று கொள்வோம்.