கடலுக்கு அப்பால்: பட்டாளம் முடிந்து கடைக்குத் திரும்பியவன்

(நம் சங்க வாசகர் கூட்டத்தில் பேசியது)



ப. சிங்காரம் என்றதும் 'புயலிலே ஒரு தோணி'யைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அவருடைய முதல் நாவலை எடுத்துக்கொண்டேன். 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்'. சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

சிங்காரம் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பொன்னமராவதி தாண்டினால் சிங்கம்புணரி. 18 வயதில் வேலைக்காக இந்தோனேசியாவின் மெடானுக்குக் கப்பலேறி, போர்க்காலத்தை அங்கேயே கழித்துவிட்டு 1946இல் திரும்பினார். ராயவரம், அரிமளம் பக்கம் உறவு உள்ளவர்கள் 'தாத்தா கொண்டுவிற்கப் போனார்' என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்கிற அந்த வட்டிக்கடை உலகம்தான் இந்த நாவல்.

பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை கடையில் வளர்ந்தவன் செல்லையா. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் தோட்டத் தொழிலாளிகளும் கடைப் பையன்களுமாக மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். இவனும் சேர்கிறான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைகிறது. துப்பாக்கியை வைத்துவிட்டுப் பழைய கடைக்கே வருகிறான். முதலாளி மகள் மரகதத்துக்கு இவன் மேல்தான் மனசு.

முதலாளி வில்லன் இல்லை. பையன் மேல் பாசம் உள்ளவர். ஆனால் பட்டாளத்துக்குப் போனவன் வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. பெண்ணை வேறொருவனுக்குப் பேசுகிறார். சண்டைக் காட்சிகள் எனக்குக் கொஞ்சம் சினிமாவாகத் தோன்றின. வீட்டுக்குள் நடக்கிற இந்த மறுப்பைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. குண்டுக்குத் தப்பியவனை ஒரு கணக்குப்பிள்ளையின் நியாயம் சாய்த்துவிடுகிறது. அந்த நியாயத்தில் ஓட்டையும் தெரியவில்லை!

நம் மாவட்டத்திலும் நாற்பது வயதுக்குள் ராணுவத்திலிருந்து திரும்பி, அடுத்த வேலை தேடுகிறவர்கள் நிறைய. அடுக்குமாடி வாசல்களில் இரவுக் காவலுக்கு இருப்பவர்களில் அவர்களும் உண்டு. 'எந்த ஊரில் போஸ்டிங்?', 'கார்கில் பார்த்தீர்களா?' என்று நாம் கேட்போம். திரும்பி வந்தபோது வேலை கொடுக்க யார் தயங்கினார்கள், பெண் கொடுக்க யார் யோசித்தார்கள் என்று கேட்டதுண்டா? சிங்காரம் அதைத்தான் எழுதியிருக்கிறார்.

'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியனோ ஊர் திரும்புவதே இல்லை. அதை அடுத்த கூட்டத்தில் பேசலாம். இரண்டு நாவலும் சேர்ந்த என் பிரதி சங்க அலுவலக மேசையில் இருக்கிறது. எடுத்துப் போகிறவர்கள் பிளாட் எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள்.