பூமியை அளந்த தூண்கள்



ஆதிசேஷன் தலையை அசைத்தால் பூகம்பம் வருமென்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். ஜப்பானியரும் நமக்குச் சளைத்தவர்களல்லர். பூமிக்கடியில் பெரிய கெளுத்தி மீன் ஒன்று கிடக்கிறதென்றும், காசிமா சாமி அதைக் கல்லால் அழுத்திக்கொண்டிருக்கிறாரென்றும், சாமி அயர்ந்தால் மீன் துள்ளுமென்றும் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தக் கல்லை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. நாடு முழுவதும் 1,200-க்கு மேற்பட்ட இடங்களில் தூண் நாட்டி, அதன் தலையில் ஒரு கருவியை வைத்தார்கள்.

நம் கைப்பேசியில் வழிகாட்டுகிற ஜி.பி.எஸ். ஏற்பாடுதான் அது. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள், தாங்கள் எங்கிருந்து எந்த நேரத்தில் பேசுகிறோம் என்பதை ரேடியோவில் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. சேதி வந்துசேரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்காகிறது. நான்கு துணைக்கோள்களின் கணக்குக் கிடைத்தால் தூணின் இடம் தெரியும். தினந்தோறும் அளந்துவந்தால், ஒரு நெல்மணி நீளம் நகர்ந்தாலும் தப்பாது.

2011 மார்ச்சு 11-ந் தேதி பகல் 2.46 மணிக்கு அங்கே 9.0 அளவுள்ள பூகம்பம் வந்தது. ஓசிகா தீபகற்பத்துத் தூண் கிழக்கு-தென்கிழக்காக 17 அடிக்கு மேல் நகர்ந்து, சுமார் 4 அடி தாழ்ந்தது. தூணா நடந்தது? வீடும், வயலும், கோயிலும், உள்ளேயிருந்த சாமியும் சேர்ந்தல்லவா நடந்தன! கடலடியில் ஓரிடம் ஏறக்குறைய 79 அடி நகர்ந்திருந்தது. கப்பலின் இடத்தைத் துணைக்கோளாலும், கப்பலுக்கும் கடலடிக் கருவிக்குமுள்ள தூரத்தை ஒலியாலும் அளந்து இதைக் கண்டார்கள்.

மீன் ஒன்றும் துள்ளவில்லை. பசிபிக் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வீதம் ஜப்பானுக்கடியில் நுழைகிறது. அதனோடு பூட்டிக்கொண்ட கரை, வில்லைப்போல் மேற்கே வளைந்துகொண்டே வந்தது. பூட்டு விட்டதும் கிழக்கே பாய்ந்தது.

இனி துக்கமான விஷயம். மூன்றே நிமிஷத்தில் சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆனால் நில அதிர்வை மட்டும் வைத்து 7.9 என்று கணக்கிட்டதால், இவாத்தே, புகுசிமா கரைகளுக்கு 10 அடி அலை என்றே முதலில் சொன்னார்கள். வந்ததோ பல இடங்களில் 30 அடிக்கும் மேல். 18,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். பத்தடிதானே என்று நின்றவர்களும் அவர்களில் உண்டு. அந்த நிமிஷங்களிலேயே தூண்கள் அடிக்கணக்கில் நகர்ந்துவிட்டிருந்தன. எச்சரிக்கை கொடுத்தவர்களிடம் அந்தக் கணக்கு போய்ச்சேர வழியில்லை. பிறகுதான் தூண்களின் நகர்வை உடனுக்குடன் கணக்கிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

இக்கருவி அடுத்த பூகம்பத்துக்கு நாள் குறிக்குமா என்றால், குறிக்காது. எந்தக் கரை எவ்வளவு இறுகிக்கிடக்கிறது என்றுதான் சொல்லும். நாள் குறிக்கிறவர் வந்தால் கூடவே தட்சணையும் கேட்பார், பாருங்கள்.

அமிழ்ந்த ஓசிகா கரை பின்வந்த ஆண்டுகளில் கொஞ்சங்கொஞ்சமாக மேலேறி வந்திருக்கிறது. அதையும் அந்தத் தூண்களே அளந்து சொல்லியிருக்கின்றன.