எங்கே விட்டேன்?

விருத்தாசலத்துல எங்க வீட்டு மாடியிலிருந்துதான் வேலை பார்க்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். போன மாசம் டேட்டாபேஸ்ல பழைய ரெக்கார்டுகளை அழிக்க ஒரு ஸ்க்ரிப்ட் ஓட்டணும். முதல்ல பேக்கப். அந்த நேரம் பார்த்து போன். மூணு நிமிஷம் பேசிட்டு வந்தேன். பேக்கப் எடுத்தாச்சுன்னு நினைச்சு ஓட்டிட்டேன். எடுக்கவே இல்லை! ஸ்க்ரிப்ட்ல தப்பு வேற. தேவையான ரெக்கார்டும் போயிடுச்சு. விடிய விடிய லாகைப் பார்த்து மீட்டோம்.

செய்யணும்னு நினைச்சதே சில நேரம் செஞ்ச மாதிரி ஞாபகத்துல நிக்கும். இன்னொண்ணு, விட்ட வேலையோட மிச்சம் அடுத்த வேலையிலும் மனசுல ஒட்டிக்கிட்டு வரும். 2009-ல சோஃபி லெராய் இதைக் ‘கவன எச்சம்’னு சொன்னாங்க.

நம்மகிட்ட அவதானக் கலை இருக்கு. எட்டு வேலைன்னா அட்டாவதானம், நூறுன்னா சதாவதானம். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல சென்னை விக்டோரியா ஹால்ல சதாவதானம் செஞ்சு காட்டினவர். இந்தக் கலையில ஒருத்தர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருத்தர் கணக்குக் கேட்பார், முதுகுல விழுற கல்லையும் எண்ணணும். நான் புரிஞ்சுக்கிட்டது, இது எல்லாத்தையும் ஒரே நேரத்துல செய்யறது இல்லை. எங்கே விட்டோம்னு மனசுல குறிச்சிட்டு அடுத்ததுக்குப் போறது.

அது பல வருஷப் பயிற்சி. நமக்குப் பேப்பர் போதும். ஸ்க்ரீன் பக்கத்துல நம்மூர் பீங்கான் கப்புல பென்சில் வெச்சிருக்கேன். போன் அடிச்சா, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி: ‘பேக்கப் இன்னும் எடுக்கலை.’

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாலும் அதேதான். “இரும்மா, ஒரு வரி எழுதிட்டு வரேன்.”