பாவிகம்: ஒரு சொல்லும் நமது சங்கமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவின் அழைப்பிதழில் ‘ஒற்றுமை என்னும் தொனிப்பொருளில்’ என்று அச்சிட்டிருக்கிறோம். அந்தத் தொனிப்பொருள் என்ற சொல்லைப் பற்றியே சிறிது பேச விழைகின்றேன்.

நான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். ‘தீம்’ என்னும் சொல்லை அங்கே ஷேக்ஸ்பியரின் நாடகத்தோடு படித்தேன். அதற்கு நேரான சொல் தமிழில் இல்லையென்றே பல்கலைக்கழகம் புகும்வரை எண்ணியிருந்தேன். அது என் அறியாமை.

இன்று இப்பொருளில் நாம் பெரிதும் வழங்குவன இரு சொற்கள். ஒன்று கருப்பொருள். பழைய இலக்கண மரபிலோ, ஒவ்வொரு திணைக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியனவே கருப்பொருள். மற்றது தொனிப்பொருள். தொனி என்பது வடமொழிச் சொல். வெளிப்படச் சொல்லாது குறிப்பால் உணர்த்தும் பொருளைச் சுட்டுவது. 9ஆம் நூற்றாண்டிற் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் அதனை விரித்துரைத்தார். அங்ஙனமாயின், பெரிய எழுத்தில் அச்சிட்டு அறிவிப்பது தொனியாகுமா? வழக்கில் நிலைத்த சொல்லை மாற்ற நான் வரவில்லை. அதன் அருகே வைத்து எண்ணத்தக்க வேறொரு சொல் நம்மிடம் உண்டு என்பதையே கூற வந்தேன்.

அதுவே பாவிகம். 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தண்டியலங்காரம், 35 பொருளணிகளை வகுத்து, இறுதியில் இதனை வைக்கிறது. உவமையை ஒரு செய்யுளிலே காட்டலாம். பாவிகத்தை அவ்வாறு தனித்துக் காட்ட இயலாது. அது காப்பியம் முழுவதிலும் பரந்து நிற்கும் பண்பு.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். அரசு பிழைத்தோரை அறமே தண்டிக்கும் என்ற உண்மையைப் பதிகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதனால் நாம் நம்பிவிடுவதில்லை. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை அறிந்த பாண்டியன் அரியணையிலேயே வீழ்ந்து உயிர்விடுகிறானே, அங்கேதான் நம்புகிறோம். பதிகம் அறிவித்ததைக் கதை மெய்ப்பித்தது.

அன்பர்களே, நமது சங்கத்திற்கும் அழைப்பிதழ் பதிகம் போன்றதே. கதையை நாம்தான் நடத்திக் காட்டவேண்டும். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது, வடம் பிடிப்பவன் நகரத்தானா தோட்டத்தானா என்று எவரும் கேட்பதில்லை. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் துயரைக் கண்ட கோயில் அது. இன்றும் அங்கே தேர் ஓடுகிறது. ஒற்றுமை என்று எவரும் அங்கே எழுதி ஒட்டவில்லை.

ஆனால் சென்ற மாதம் நமது கூட்டத்தில் நடந்தது என்ன? தோட்டத்திலிருந்து நடந்து வந்த தம்பிமார் நால்வர் வாசலருகே நின்றபடியே கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். முன்வரிசையில் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்தன. ‘உள்ளே வாருங்கள்’ என்று ஒருவரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அன்று நான் பேசிய தலைப்பும் ஒற்றுமைதான்!

நம் பேச்சு ஒன்று, நம் சங்கத்தின் பாவிகம் வேறு என்று வருங்காலத்தார் கூற இடம் வைக்கலாமா? அடுத்த கூட்டத்திற்கு அத்தம்பிமாரை நானே சென்று அழைத்து வருவேன். அவர்களுக்கு அருகே அமர நீங்களும் வாருங்கள்.