“சின்ன மாற்றம்தானே, போட்டுடலாம்!”

ஒரு புதிய இணையச் சேவையின் தொடக்க நாள் நெருங்கும்போது அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் வரி இது: “சின்ன மாற்றம்தானே, போட்டுடலாம்.” இந்த வரியைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

1991-ஆம் ஆண்டு, ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும், அமெரிக்காவில் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், பிட்ஸ்பர்க் நகரங்களில் தொலைபேசிச் சேவை அடுத்தடுத்து முடங்கியது. லட்சக்கணக்கான இணைப்புகளில் பேச முடியவில்லை. அழைப்புகளை வழிநடத்தும் கருவிகளைத் தந்தது டிஎஸ்சி கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. பல லட்சம் வரிகள் கொண்ட மென்பொருளில் அவர்கள் மாற்றியது மூன்றே வரிகள். மாற்றம் சின்னது என்பதால், வழக்கமான 13 வார முழுச் சோதனைக்கு அதை அனுப்பவில்லை. பிழை அங்கேதான் இருந்தது.

ஆக, எத்தனை வரி மாறியது என்பது முக்கியமில்லை. மாற்றியதைச் சோதிக்க நேரம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நம்ம ஊர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு சான்றிதழ் விண்ணப்பத்தில் “தந்தை பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாளை தொடக்கம். இன்று மாலை ஒருவர் சொல்கிறார்: “அதுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கட்டாயமாக்கிடுங்க.” இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அம்மா மட்டுமே வளர்த்த ஒரு பெண், கல்லூரிச் சேர்க்கைக்காக இ-சேவை மையத்துக்கு வருகிறார். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. “சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா” என்பார் மையத்தில் இருப்பவர். சேர்க்கைக்கான கடைசி நாள் அவருக்காகக் காத்திருக்காது.

அந்த நட்சத்திரக் குறியைக் கேட்டது யார்? பெரும்பாலும் மென்பொருள் எழுதுபவர் இல்லை. நம்மைப் போலத் துறையில் இருப்பவர்தான். அதனால் பழக்கத்தையும் நாமதான் மாத்திக்கணும்.

தொடக்க நாளுக்குச் சில வாரங்கள் முன்பே ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். அதற்குப் பிறகு புது வசதி கிடையாது. சோதனையில் தெரியவந்த பிழைகளைத் திருத்துவது மட்டும்தான். கடைசி நாட்களில் அதையும் சலித்தே எடுக்கணும். பொத்தானின் நிறம் பிடிக்கவில்லையா? பட்டியலில் எழுதிவைத்து அடுத்த பதிப்பில் பார்த்துக்கலாம். கட்டணம் தவறாக வருகிறதா? ஒருவருடைய விவரம் இன்னொருவருக்குத் தெரிகிறதா? அப்போ திருத்தியே ஆகணும். ஆனால் திருத்தியவர் அல்லாத இன்னொருவர் அதைப் பார்க்கணும். முழுச் சோதனை மறுபடி நடக்கணும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் தயாராக இருக்கணும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், தொடக்க நாளைத் தள்ளிவைப்பதே மேல். அழைப்பிதழ் அச்சாகிவிட்ட பிறகு மேலதிகாரியிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான்.

அடுத்த முறை “சின்ன மாற்றம்தானே” என்று வாய்வரை வந்தால், உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: “இது தப்பாப் போனா, நாளைக்குக் காலையில வரிசையில நிக்கப்போறது யாரு?” பதில் தெரியாவிட்டால், அந்த மாற்றம் அடுத்த பதிப்புக்குப் போகட்டும்.